பாயின்செட்டியா வாடுதா, உதிருதா, சிவக்க மறுக்குதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கார்த்திகைக் கடைசியில் காரைக்குடி, தேவகோட்டை நர்சரிகளில் செக்கச்செவேலென்று வரிசை கட்டி நிற்கும் பாயின்செட்டியா என்கிற கிறிஸ்துமஸ் செடி, பொங்கலுக்குள் பாதி வீடுகளில் வெறுங்குச்சியாகிவிடுகிறது. இங்கே விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் அளந்த தண்ணீரும் அளந்த நிழலுமாக வளர்ந்தவை. செட்டிநாட்டுக்கு வந்து இறங்கியதும் வெயில், தண்ணீர், காற்று மூன்றும் ஒரே நாளில் மாறிவிடுகின்றன.

இலை மஞ்சளானால் உரம், வாடினால் தண்ணீர், புள்ளி விழுந்தால் மருந்து என்று கை தானாகப் போகும். இந்தச் செடியில் அந்தப் பழக்கம்தான் பாதிக் கேடு. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த நாலையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மண் காய்ந்தபின் ஒருமுறை தூக்கிப் பழகினால் அப்புறம் கையே சொல்லிவிடும். அடுத்து, ஆள்காட்டி விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண்ணின் நிறத்தை நம்ப வேண்டாம். மூன்றாவது, நடுத்தண்டில் இருக்கும் நாலைந்து இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான்காவது, நகத்தால் தண்டைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் கசியும் பாலும் தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது.

கள்ளிக் குடும்பத்துச் செடி என்பதால் எங்கே ஒடித்தாலும் பால் வரும். சிலருக்குத் தோலில் அரிக்கும், கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆளைக் கொல்லும் விஷம் என்று ஊரில் சொல்வது மிகை. ஆனாலும் குழந்தையோ நாயோ மென்றால் வாய் எரிந்து வாந்தி வரலாம், எட்டாத இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: செடி வாடித் தொங்குகிறது

*மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்தால்*

தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் மேலே ஊற்றினால் பலன் இல்லாமல் போகலாம். நர்சரிக்காரர்கள் நிரப்பியிருப்பது பெரும்பாலும் தென்னை நார்க் கழிவு. ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும், ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கிவிடும். ஊற்றிய பத்து நொடியில் தண்ணீர் அடித்துளை வழியாக ஓடிவிட்டு, தொட்டி இன்னும் லேசாகவே இருந்தால் இதுதான் காரணம். ஒரு வாளியில் தொட்டியின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை, 20 முதல் 30 நிமிடம், தொட்டியை உள்ளே வையுங்கள். பிறகு எடுத்து நன்றாக வடியவிடுங்கள். சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். கீழ் இலைகள் சில உதிர்ந்தால் கவலை வேண்டாம்.

*மண் ஈரமாக, தொட்டி கனமாக இருந்தால்*

இங்கே செடி சாவது அதிகமும் இப்படித்தான். வாடலைப் பார்த்து இன்னொரு சொம்பு ஊற்றுவதுதான் அதைக் கொல்கிறது.

முதலில், தொட்டியைச் சுற்றியிருக்கும் மினுமினுப்புத் தாளைக் கழற்றுங்கள். அழகுக்குச் சுற்றிய அந்தத் தாள் அடித்துளையை மூடி, வடிந்த தண்ணீரை உள்ளேயே தேக்கிவைக்கும். ஆத்தங்குடித் தரையில் கறை படியும் என்று அடியில் வைக்கிற பீங்கான் தட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. தட்டில் இரண்டு மூன்று ஓட்டாஞ்சில்லைப் போட்டு அதன்மேல் தொட்டியை வையுங்கள். தேங்கும் தண்ணீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது வேர்ப் பரிசோதனை. ஒரு கையால் மண்ணை மூடிப் பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் தட்டினால் வேர்க்கட்டி அப்படியே வெளியே வரும். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், இழுத்தால் இழுபடும். பழுப்பாக இருக்கிற ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருவுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்து, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் தொங்கினால் அது வேரழுகல். மோந்து பார்த்தால் சாக்கடை வாடை அடிக்கும்.

பாதிக்கு மேல் நல்ல வேர் இருந்தால் காப்பாற்றலாம். அழுகியதை எல்லாம் கத்தரித்துவிடுங்கள். கத்தரியை வெட்டுக்கு வெட்டு ஸ்பிரிட்டால் துடைப்பது முக்கியம். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, செம்மண் ஒரு பங்கு, இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, ஆற்றுமணல் அரைப் பங்கு கலந்து மறுபடி நடுங்கள். இந்தக் கலவையில் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) தூளைச் சேர்க்கலாம். தொட்டி பெரிதாக வேண்டாம், இருக்கிற வேர்க்கட்டியைவிட ஓர் அங்குலம் அகலமிருந்தால் போதும். பெரிய தொட்டியில் மண் காயவே காயாது. பூச்சில்லாத மானாமதுரை மண் தொட்டி கிடைத்தால் அதற்கே முன்னுரிமை. அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும், பிளாஸ்டிக்கில் அது நடக்காது. நட்டபின் ஒருமுறை தண்ணீர், பத்து நாள் வெளிச்ச நிழல், உரம் அறவே கூடாது.

வேர் பாதிக்குக் குறைவு, ஆனால் தண்டு உறுதி என்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து, 6 அங்குலத் தொட்டிக்குக் கால் லிட்டர் வீதம் வேரில் ஊற்றிப் பார்க்கலாம். இதோடு டிரைக்கோடெர்மா போடாதீர்கள். அதுவும் ஒரு பூஞ்சைதான், மருந்து அழுகல் பூஞ்சையோடு இதையும் சேர்த்துக் கொன்றுவிடும். குறைந்தது பதினைந்து நாள் இடைவெளி வேண்டும்.

மண் மட்டத்தில் தண்டே பழுப்பாகி, அழுத்தினால் அமுங்கினால் அடிச்செடி போய்விட்டது. உள்ளூர்ச் செடியாக இருந்து மேல்கிளை நல்ல பச்சையாக இருந்தால் நாலு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் பால் வடியவிட்டு, ஈர மணலில் ஊன்றிப் பார்க்கலாம். மண்ணைத் தூக்கி எறியுங்கள். கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போடவேண்டாம்.

*மண் பதமாகவே இருக்கிறது, வாங்கி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது*

இலைக்காம்பு மட்டும் கீழ்நோக்கி வளைந்து, இலை விறைப்பாகவே இருந்தால் அது வாடல் அல்ல. உறையில் இறுக்கிச் சுற்றி, மூடிய வண்டியில் நாள்கணக்கில் வரும் செடி தானே எத்திலீன் வாயுவை வெளிவிடும். அதில் காம்பு வளையும். உறையைப் பிரித்துக் காற்றோட்டமான வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் நிமிரும். அதுவரை அதிகம் தொட்டால் காம்பு ஒடியும். பழுத்த வாழைத்தாருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அதிலிருந்தும் அதே வாயுதான் வருகிறது.

அறிகுறி: இலை உதிர்கிறது

பச்சை இலையே கொத்தாக உதிர்ந்தால் முதல் சந்தேகம் இடமாற்றம். பசுமைக்குடில் வெளிச்சத்தில் இருந்ததைப் பட்டாலையின் (கூடத்தின்) இருட்டு மூலையில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் கழற்றிப் போடும். பகலில் அந்த இடத்தில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் செடிக்கும் அது போதாது. வளவைச் (வீட்டு நடு முற்றத்தைச்) சுற்றிய தாழ்வாரம்தான் நம் வீடுகளில் இதற்குத் தோதான இடம். காலை வெயில் சாய்ந்து விழவேண்டும், உச்சி வெயில் படக்கூடாது. மார்கழி, தையில் நாலைந்து மணி நேர வெயில் தாங்கும். பங்குனி பிறந்துவிட்டால் பத்து மணிக்குமேல் நிழலுக்கு இழுத்துவிடுங்கள்.

இடமும் சரி என்றால் ஏ.சி. காற்று நேராக அடிக்கிறதா, தலைக்கு மேல் மின்விசிறி ஓயாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மேலே சொன்ன வேர்ப் பரிசோதனை.

சிவப்பு இலை மட்டும் உதிர்ந்தால் நடுவில் இருக்கும் மஞ்சள் குமிழ்களைப் பாருங்கள். அவைதான் பூ, சிவப்பெல்லாம் நிறம் மாறிய இலை. குமிழ் வெடித்து மகரந்தம் கொட்டி, காய்ந்து விழுந்துவிட்டதென்றால் பருவம் முடிந்தது, இது நோயே இல்லை. வாங்கும்போதே குமிழ் மூடிப் பச்சையாக இருக்கும் செடியைப் பொறுக்கினால் ஒரு மாதம் கூடுதலாக நிற்கும். விற்பவர் சொல்லமாட்டார்.

அறிகுறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதில்தான் விடை இருக்கிறது.

*கீழ் இலை முழுதும் ஒரே சீராக மஞ்சள்:* வேர் நன்றாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. 19:19:19 கலப்பு உரம் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. செடி சிவந்து நிற்கும்போது கொடுக்காதீர்கள்.

*கீழ் இலையில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள்:* மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 2 கிராம், இலைமேல் தெளித்து இரண்டு வாரம் பாருங்கள். மஞ்சளான இலை திரும்பாது. புது இலை பச்சையாக வந்தால் வேலை முடிந்தது.

*நடு இலைகளின் விளிம்பு மட்டும் வெளிர்ந்து, பிறகு ஓரம் கருகி மேல்நோக்கிச் சுருள்வது:* மாலிப்டினம். மற்றச் செடிகளில் அபூர்வமாகப் பார்ப்பது, இதில் அடிக்கடி வரும். நுண்ணூட்டக் கலவை வாங்கும்போது அட்டையில் மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அதில் சொன்ன அளவில் பாதியைக் கொடுங்கள்.

*நுனி இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக:* இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நம் செம்மண்ணின் நிறமே அதுதான். ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி அந்த இரும்பை வேருக்கு எட்டாமல் பூட்டிவிடுகிறது. அடுப்புச் சாம்பல் போட்டாலும், வெள்ளையடித்த சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து தொட்டியில் விழுந்தாலும் இதேதான். இந்தச் செடிக்குத் தோதான கார அமில நிலை (pH) 6-ஐ ஒட்டியது. முதலில் தண்ணீரை மாற்றுங்கள். முற்றத்தில் இறங்கும் மழைநீரை அண்டாவில் பிடிப்பது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை, ஐப்பசி மழையில் நாலு குடம் இந்தச் செடிக்கென்று ஒதுக்குங்கள். மழை இல்லாத மாதத்தில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது. அதன்பிறகும் வெளிறினால் காரமண்ணிலும் எளிதில் பூட்டிக்கொள்ளாத கீலேட் இரும்பு லிட்டருக்கு ஒரு கிராம். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) மலிவுதான், ஆனால் காரமண்ணில் போட்ட சில நாளிலேயே பூட்டிக்கொள்ளும்.

அறிகுறி: இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

தொட்டியின் விளிம்பிலோ மண்மேலோ வெள்ளை உப்புப் படிவு இருக்கிறதா? இருந்தால் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை ஊற்றுகிறீர்களா என்று யோசியுங்கள். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிக்கு வேண்டாம்.

சரிசெய்ய, தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு மழைநீரைச் சொம்பு சொம்பாக, வடிய வடிய ஊற்றி உப்பைக் கழுவுங்கள். தொட்டி இரண்டு லிட்டர் என்றால் ஆறு லிட்டர். கழுவிய பிறகு மேல்மண் காயும்வரை தொடக்கூடாது.

சிவப்பு இலையின் ஓரம் மட்டும் கருகினால் சுண்ணாம்புச்சத்து அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். தண்ணீர் ஒருநாள் அதிகம், மூன்றுநாள் இல்லை என்று ஏறுமாறாக ஊற்றும் வீடுகளில் இது வரும். முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள்.

அறிகுறி: பிசுபிசுப்பு, வெள்ளைப் பொடி, பறக்கும் பூச்சி

செடியை லேசாக உலுக்குங்கள். வெள்ளையாகத் துகள்கள் எழும்பிப் பறந்து மறுபடி இலைக்கடியில் போய் உட்கார்ந்தால் வெள்ளை ஈ. அந்த இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் குண்டூசித் தலையைவிடச் சிறிய, கண்ணாடிபோன்ற தட்டைச் செதில்கள் நகராமல் ஒட்டியிருக்கும். சாற்றை உறிஞ்சுவதில் அவைதான் முக்கியக் குற்றவாளி. அவை கழிக்கும் தேன்போன்ற கழிவு கீழ் இலையில் சொட்டிப் பிசுபிசுக்கும், அதன்மேல் கரும்பூசணம் படரும்.

கையால் முடிவதை முதலில் செய்யுங்கள். மிக மோசமான இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். தொட்டி மண்ணைப் பாலித்தீனால் மூடிச் செடியைச் சாய்த்து, இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சுங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் பூசிச் செடி உயரத்துக்கு மாட்டினால் பறப்பவை ஒட்டும்.

பிறகு வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. வெறும் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும், அது இலையில் பட்டால் கருகும். அரைத் தேக்கரண்டி காதி சோப்புக் கரைசலோடு எண்ணெயை முதலில் பால்போலக் கலக்கிவிட்டு, அப்புறம் தண்ணீரைச் சேர்க்கவேண்டும். ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குமேல் இலைக்கடியில் தெளியுங்கள். சிவப்பு இலையில் படவேண்டாம், கறை விழும். முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம் ஆகும் என்பதால் ஒருமுறை அடித்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. ஆறு நாளுக்கு ஒருமுறை, நாலு தடவை. முற்றத்தில் வற்றல், வடகம் காயும் நாளில் செடியை வெளியே தூக்கிப்போய் அடியுங்கள்.

பஞ்சுபோல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். எறும்பு வரிசை ஏறுகிறதா என்று பார்த்து அதையும் தடுக்கவேண்டும், மாவுப்பூச்சியைக் காவல் காப்பது எறும்புதான்.

இலை மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் செஞ்சிலந்தி. மாசி முதல் வறண்ட காற்றில் பெருகும். தண்ணீர்ப் பீய்ச்சலே பாதியைத் தீர்க்கும். மீதிக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும், வேப்பெண்ணெய் அடித்து மூன்று வாரத்துக்குள்ளும் கூடாது.

மண்ணிலிருந்து எழும்பும் கறுப்புக் கொசு ஈரத்தின் அடையாளம். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி மேல்மண்ணைக் காயவிடுங்கள்.

அறிகுறி: புள்ளி, பூசணம்

மழை மாதத்தில் சிவப்பு இலை ஓரத்தில் சாம்பல்நிற மயிர்போலப் படர்ந்தால் நெருக்கமும் ஈரமும் காரணம். அந்த இலைகளை எடுத்துவிட்டு, தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, தலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாலே பெரும்பாலும் அடங்கும். துடைத்தால் விரலில் ஒட்டும் வெள்ளை மாவு சாம்பல் நோய், மேலே சொன்ன கந்தகமே இதற்கும். நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலாக, நீர் கோத்ததுபோன்ற புள்ளி பழுப்பானால் பாக்டீரியா என்று சந்தேகப்படலாம். வீட்டு மருந்து எடுபடாது.

தண்டில் சொறிபோலத் தடித்த வெளிர்பழுப்புத் தழும்புகளும், அதே கிளை மட்டும் திடீரென்று மற்றதைவிட நீண்டு வளர்வதும் சேர்ந்திருந்தால் சொறி நோய். வளர்ச்சி நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். செடியைத் தனியே ஒதுக்கி, கிளையைத் தழும்புக்கு ஒரு சாண் கீழே வெட்டி எரியுங்கள். மறுபடி வந்தால் செடியையே எரிப்பதுதான் மற்றவைக்கு நல்லது.

அறிகுறி: செடி செழிப்பு, ஆனால் சிவக்கவில்லை

இரவு வெளிச்சம்தான் முதல் காரணம். இது நீண்ட இரவில் சிவக்கும் செடி. வளவில் பத்து மணிவரை எரியும் டியூப்லைட், முகப்பில் விடிய விடிய எரியும் எல்.ஈ.டி., தெருவிளக்கு எதுவானாலும் இரவை உடைத்துவிடும். புரட்டாசி நடுவிலிருந்து எட்டு முதல் பத்து வாரம் முழு இருட்டு வேண்டும். நம் ஊரில் செப்டம்பர் கடைசிக்குள் இரவு 12 மணி நேரத்தை எட்டிவிடுவதால், விளக்கே படாத கொல்லைப்புறத்தில் வைத்தால் மூடக்கூடத் தேவையில்லை. அப்படி இடமில்லாவிட்டால் மாலை ஆறு முதல் காலை எட்டுவரை அட்டைப்பெட்டியால் மூடுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகளில் சொல்வதுபோல நாலு மணிக்கே மூடினால் உள்ளே வெந்துபோகும்.

இருட்டும் சரி, இன்னும் பச்சை என்றால் சூடு. இரவு வெப்பம் 24 டிகிரிக்குமேல் இருக்கும்வரை நிறமேறுவது தள்ளிப்போகும். ஐப்பசியில் நம் இரவுகள் அதை ஒட்டியே இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்குச் சிவக்காதது பொங்கலுக்குச் சிவக்கும், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். ஆகஸ்டுக்குப் பிறகு நுனி கிள்ளியிருந்தாலும் தாமதமாகும்.

செடி நெட்டையாக, குச்சியாகப் போயிருந்தால் மாசியில் நிறம் வெளுத்ததும் மண்ணிலிருந்து ஆறு அங்குலம் விட்டு வெட்டி, ஆனியிலும் ஆடிக் கடைசியிலும் நுனி கிள்ளுங்கள்.

எப்போது ஆளைக் கேட்பது

ஒரு தொட்டிதான், அதுவும் வேர் போய்விட்டது என்றால் புதுச்செடி வாங்குவதே லாபம். பத்துத் தொட்டிக்குமேல் ஒரே அறிகுறி பரவினாலோ, கொல்லையில் இருக்கும் மரவள்ளி, ஆமணக்குக்கும் தாவினாலோ, நாலு முறை வேப்பெண்ணெய்க்கும் வெள்ளை ஈ அசையாவிட்டாலோ கடையில் கேட்டு வீரிய மருந்து வாங்காதீர்கள். வெள்ளை ஈ மருந்துக்குச் சீக்கிரம் பழகிக்கொள்ளும். சிவகங்கை மாவட்டத்தார் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும், புதுக்கோட்டைப் பக்கத்தார் வம்பன் நிலையத்திலும் கேட்கலாம். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகமும் உண்டு.

முழுக்கச் செத்த செடியைக் கொண்டுபோவதில் பயனில்லை. பாதி கெட்டு, பாதி நன்றாக இருக்கும் கிளை ஒன்றை வேரோடும் ஒரு கைப்பிடி மண்ணோடும் எடுங்கள். வேரை ஈரச் செய்தித்தாளிலும், இலையைக் காய்ந்த தாளிலும் தனித்தனியே சுற்றுங்கள். பாலித்தீன் பையில் அடைத்தால் போய்ச் சேருமுன் எல்லாம் அழுகி, எது நோய் எது அழுகல் என்று தெரியாது. ஊற்றும் தண்ணீரில் ஒரு பாட்டிலும், கடைசியாக அடித்த மருந்தின் அட்டையும் கூடவே இருக்கட்டும். காலையில் எடுத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.